மாப்பிள்ளை வரிசை

"தலைய வெட்டினா மறுகா உடம்பு எதுக்கு புள்ள?"

"எல்லாத்தையும் இல்லக்கா. பூத்து வாறத மட்டும். ஒரு பத்து நாளைக்கு."

"பத்து நாளா! பத்து நாள் போனா என்ட சோளன் கிழவியாகிரும். கதிர் பல்லு விழுந்த வாய் மாதிரி வரும். முச்சந்தியில வாகனத்த நிப்பாட்டி வாங்கிறவன் ஒரு கடி கடிச்சிட்டு என்ட முகத்தப் பாப்பான்."

"அப்ப வேலிப்பக்கம் நிக்கிறதையாவது..."

"வேலிப்பக்கம் நிக்கிறதுதான் புள்ள நல்ல சோளன். கிணத்துத் தண்ணி முதல்ல அதுக்குத்தான் போற."

கேதீஸ்வரி அக்கா சிரித்துக்கொண்டுதான் இதைச் சொன்னார். ஆனாலும் அவருடைய ஒரு கை பக்கத்தில் நின்ற சோளத்தின் இலையைப் பிடித்திருந்தது, சந்தையில் பிள்ளையின் கையைப் பிடித்திருப்பதுபோல. எங்கள் இருவருக்கும் நடுவில் முள்ளுக்கம்பி வேலி. அதற்கு மேற்கே இருப்பது அவருடைய காணி, காரைதீவின் கடைசி வளவு. கிழக்கே இருப்பது எங்களுடையது, நிந்தவூரின் முதல் வளவு. கச்சான் காற்று தொடங்கி ஒரு கிழமை ஆகியிருந்தது. அது மேற்கே வயல்வெளிகளைத் தாண்டி வந்து முதலில் அவருடைய சோளத்தை அசைத்துவிட்டு, பிறகு என்னுடையதை அசைத்தது. என் பயம் முழுவதும் அந்த ஒழுங்கில்தான் இருந்தது.

அவருடைய சோளம் பல நிறம். ஒரே கதிரில் வெள்ளை, ஊதா, செங்கல் நிறம் எல்லாம் கலந்து மணி கட்டும். அதை உப்புப் போட்டு அவித்து, பின்னேரங்களில் முச்சந்திக்குக் கிட்ட வைத்து விற்பார். பன்னிரண்டு வருடமாக அந்தச் சோளத்தைத்தான் போடுகிறார். என்னுடையது சாலிஹ் சேர் கொடுத்த இரண்டு வகை. அவர் ஒரு விதைப் பண்ணையில் உத்தியோகத்தர். அந்த இரண்டையும் கலந்து புதிய சோள விதை எடுத்துத் தர ஆள் தேடிக்கொண்டிருந்தார். விவசாயப் பட்டம் எடுத்துவிட்டு இரண்டு வருடமாக வீட்டில் இருந்த நான் கை தூக்கினேன். இருநூறு மீற்றருக்குள் வேறு சோளம் பூக்கக் கூடாது, அதன் மகரந்தத் தூள் காற்றில் வந்து விழுந்துவிடும் என்றார். இல்லாவிட்டால் மூன்று வாரம் முந்தியோ பிந்தியோ பூக்கவேண்டும். நான் கேதீஸ்வரி அக்காவிடம் போய் மூன்று வாரம் பிந்தி விதைக்கச் சொல்லிக் கேட்டேன். அவரும் மறுபேச்சில்லாமல் பிந்தித்தான் விதைத்தார். அவருடைய சோளம் நாற்பத்திரண்டு நாளில் பூக்கும், என்னுடையது அறுபது நாள் எடுக்கும் என்பதை நான் கேட்டுவைக்கவில்லை. இப்போது இரண்டும் ஒரே கிழமையில் தலை காட்டிக்கொண்டு நின்றன.

"சரி, அழாத," என்றார் அக்கா. நான் அழவில்லை. "வெள்ளிக்கிழம வரைக்கும் இது ஒண்டும் வெடிக்காது. வெள்ளி விடியக் கத்தியோட வாறன். ஆனா பத்து நாள் ஏலா. அஞ்சு நாள் வெட்டுறன். மறுகா பூக்கிறது என்ட. பிந்திப் பூக்கிறதுல கதிர் நிரம்பினாப் போதும். அதுக்குப் பிறகு நீ இந்தப் பக்கம் கிறுகியும் பாக்கக் கூடாது."

"பாக்கமாட்டன்."

"அதுசரி, இந்த நோஞ்சானுகளுக்காகவா புள்ள என்ட சோளன மொட்டையடிக்கச் சொல்றாய்?"

நோஞ்சான்கள்தான். மறுக்க முடியாது. தாய் வகை என் நெஞ்சு உயரம், இலைகளில் ஒரு நாளும் பச்சை ஏறவில்லை. தகப்பன் வகை அதைவிட உயரம், ஆனால் தென்னை ஈர்க்குபோல மெலிந்து, காற்றடித்தால் ஒன்றில் ஒன்று சாய்ந்தது. நான் வாசிக்கிற மொழிபெயர்ப்பு நாவல்களில் சோள வயல் என்றால் குதிரையில் போகிறவனை மறைத்துவிடும். என்னுடையது ஆட்டை மறைப்பதே சந்தேகம்.

"ரெண்டும் ஏழு தலைமுறையா வெளியில கலக்காம, தனக்குள்ளயே காய்ச்சு வந்ததுக்கா. அதான் மெலிஞ்சு போய் நிக்கி. ரெண்டையும் சேத்தா வாற பிள்ள ரெண்டையும்விட உயரமா, பலமா வரும்."

அக்கா தலையாட்டினார். "ஒரே குடிக்குள்ள கட்டினா இப்பிடித்தான். வெளியில எடுக்கோணும்," என்றார். இதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் கரையில் தமிழரானாலும் முஸ்லிம்களானாலும் தாய்வழியில் ஒரு குடி உண்டு. அதே குடிக்குள் கலியாணம் இல்லை. எனக்குப் பல்கலைக்கழகத்தில் நான்கு விரிவுரை எடுத்த விஷயம் அது.

அந்த நாற்பது பேர்ச், கால் ஏக்கர் நிலம் சோளத்துக்கென்று வாங்கியதல்ல. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு ஒரு வீடு கட்டவேண்டும், கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். என் வீட்டுக்காக வாப்பா வாங்கிய வளவு அது. கிழக்கு மூலையில் ஒரு லோட் கல்லும் மணலும் ஏற்கெனவே இறக்கியிருந்தார். மணலில் பூனைகளும் நானும் உட்காருவோம். மாப்பிள்ளை இன்னும் யாரென்று தெரியாது, அத்திவாரத்துக்கு மட்டும் மாதம் குறித்தாகிவிட்டது. "ஒரு போகம் தாறன்," என்றார் வாப்பா. "உன்ட விதைய அவங்க ஏத்துக்கிட்டா அடுத்த போகத்தப் பத்திக் கதைப்பம். ஏத்துக்கல்லயா, ஆவணியில மேசன் வருவான்." வாப்பா கோபக்காரர் இல்லை. ஆனால் கணுக்காலளவு சோளத்தைப் பார்த்த நாளிலிருந்து மேசனின் பெயரை அடிக்கடி சொல்லத் தொடங்கியிருந்தார்.

விதை போட்டது நானும் நாச்சியா சாச்சியும். உம்மாவின் தங்கச்சி அவர். நான்கு வரிசை தாய், இரண்டு வரிசை தகப்பன், மறுபடி நான்கு, மறுபடி இரண்டு. சாச்சி தகப்பன் வரிசைக்கு மாப்பிள வரிசை என்று பெயர் வைத்தார். தாய் வரிசையில் உச்சிப் பூக் கொண்டையை விரியும் முன்பே பிடுங்கிவிட வேண்டும், அப்போதுதான் அது தன் தூளைத் தானே பிடிக்காமல் மாப்பிள்ளை வரிசையின் தூளைப் பிடிக்கும் என்று சொன்னபோது, "ஓம், வீடு அவடது, மாப்பிள வெளியில இருந்து வரோணும்," என்று உடனே விளங்கிக்கொண்டார். சாச்சிக்கு நான் விளக்கியதில் ஒரு குறையும் இருக்கவில்லை. அதைத்தான் பிறகு பல நாள் யோசித்தேன்.

சாச்சி இருபது வருடமாக சம்மாந்துறை வயல் வட்டைகளில் விதை நெல்லுக்குக் கலப்புப் பிடுங்குகிறவர். விதைக்கென்று விடுகிற வயலில் வேறு நெல் ஒன்றிரண்டு கலந்திருக்கும். மற்றதைவிட ஒரு சாண் உயர்ந்து, ஒரு நாள் முந்திக் கதிர் தள்ளி நிற்கும். சாச்சியும் இன்னும் மூன்று பெண்களும் வரப்பில் வரிசையாக நின்று, கண்ணைச் சுருக்கி, வயலின் மேல்மட்டத்தைப் பார்ப்பார்கள். மட்டத்துக்கு மேலே தலை தெரிகிறதெல்லாம் போகவேண்டும். சாச்சி இறங்கி ஏறிய வயல் பாய் விரித்ததுபோல இருக்கும். முதலாளிமார் அவரை மோட்டார்சைக்கிள் அனுப்பிக் கூப்பிடுவார்கள்.

அந்தக் கிழமை திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் தாய் வரிசையின் பூக்களை நான் என் கையால் பிடுங்கினேன். வியாழக்கிழமை எனக்கு அம்பாறையில் ஒரு வேலைக்கு நேர்முகப் பரீட்சை. பிந்தி வந்த பூ தாய் வரிசையில் முப்பது நாற்பதுதான் நின்றிருக்கும். சாச்சியிடம் சொல்லிவிட்டுப் போனேன். அவர் தன் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

பின்னேரம் பஸ்ஸால் இறங்கி வளவுக்குள் வந்தபோது நான்கு பேரும் வேப்பமரத்தடியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். சாச்சியின் முகத்தில் நல்ல வேலை செய்தவர்களின் களைப்பு.

"பாத்தியா மகள்? இப்பதான் வயல் வயல் மாதிரி இரிக்கி."

பார்த்தேன். வளவு முழுக்க ஒரே மட்டம். ஒரு கொண்டைகூட இல்லை. நடுவில் ஈர்க்குபோல நின்ற மாப்பிள்ளை வரிசைகளை, தூள் கொட்டத் தொடங்கிய பூவோடு, தாய் வரிசையின் உயரத்துக்கே ஒடித்துச் சமப்படுத்தியிருந்தார்கள்.

நடந்ததைப் பிறகு சாச்சியே சொன்னார். தாய் வரிசையின் மிச்சப் பூவைப் பிடுங்க அரை மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. வந்த நான்கு பேருக்கும் எட்டு மணிக்கே திரும்பிப் போக வெட்கமாக இருந்தது. மாப்பிள வரிசையை விடவேண்டும் என்று சாச்சிக்குத் தெரியும். தெரிந்துகொண்டே வரப்பில் நின்று பார்த்திருக்கிறார். பார்க்கப் பார்க்க மட்டத்துக்கு மேலே நின்ற அந்தத் தலைகள் கண்ணில் குத்தியிருக்கின்றன. ஒருத்தி ஒன்றைப் பிடுங்கினாள். பிறகு ஒருவருக்கும் யோசனை வரவில்லை, கை தானாகப் போனது. "நெல்லுக்குள்ள நிக்கிறமாதிரியே இருந்திச்சி மகள்," என்றார்.

"பிடுங்கினதெல்லாம் எங்க சாச்சி?"

"ஆட்டுக்குக் குடுத்தாச்சி."

ஓடினேன். சாச்சியின் வீடு இரண்டு தெரு தள்ளி. மூன்று ஆடுகளும் கொட்டிலில் நின்று அமைதியாக மென்றுகொண்டிருந்தன. காலடியில் மிதிபட்டுக் கிடந்த ஒரு பிடியை எடுத்துக் கடதாசியில் உதறினேன். சாணித் தூசிதான் விழுந்தது. வெள்ளாடு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. அதன் மூக்கில் மஞ்சள் பொடி ஒட்டியிருந்தது.

பின்னால் சாச்சி மூச்சு வாங்க வந்து நின்றார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குக் கலப்பு, மட்டம், மாப்பிள எல்லாம் ஒன்றாக விளங்கிவிட்டது. "அல்லாஹ்வே, நான் என்ன செய்திட்டன்," என்றார். "இருவது வருசத்துல ஒரு வட்டையிலயும் என்ட கை பிழைச்சதில்ல." நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். நெல் பிடுங்கிப் பிடுங்கிக் காய்த்துப்போன கை. அந்தக் கையோடு எப்படிக் கோபிப்பது? எனக்கு அழுகை வந்தது, அவருக்கும் வந்தது, ஆடுகள் மென்றுகொண்டிருந்தன.

சாலிஹ் சேருக்குத் தொலைபேசியில் சொன்னேன். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. ஆனால் சொன்னது இரக்கமில்லாத உண்மை. "தகப்பன் இல்லாம விதை இல்லயே தங்கச்சி. அந்தக் காணிய இனி நாங்க எடுக்க ஏலா. மாட்டுக்கு வெட்டிக் குடுங்க."

வெள்ளிக்கிழமை சுபஹுத் தொழுதுவிட்டு, விடிய முன்பே வளவுக்குப் போனேன். மாட்டுக்கு வெட்டுவதென்றாலும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது. தாய் வரிசை முழுக்க இளங்கதிர் தள்ளி, ஒவ்வொன்றின் நுனியிலும் நூல் தொங்கியது. வெளிறிய பச்சை, அடியில் கொஞ்சம் ரோசா நிறம். அந்த நூல் ஒவ்வொன்றும் உள்ளே ஒரு மணியில் போய் முடிகிறது. நூலில் ஒரு துகள் விழுந்தால் அந்த மணி, விழாவிட்டால் அந்த இடம் வெறுமை. பனியில் நனைந்து, அத்தனை ஆயிரம் நூல்களும் காற்றில் கையை நீட்டி நின்றன. யாருடைய துகள் என்று அவை கேட்பதில்லை. சாலிஹ் சேர் கேட்பார், நானும் நேற்றுவரை கேட்டேன். நூல்கள் கேட்பதில்லை.

இதை நினைத்த அதே நேரம் வேலிக்கு அந்தப் பக்கம் 'சரக்' என்று ஒரு சத்தம். இன்னொன்று. வெள்ளி விடியக் கத்தியோடு வாறன் என்று சொன்னவர் கத்தியோடு வந்திருந்தார்.

"அக்கா! வெட்டாதீங்க! வெட்டாதீங்க!"

வேலிக்கம்பியில் என் சட்டை மாட்டிக் கிழிந்தது. கேதீஸ்வரி அக்கா கத்தியைத் தூக்கியபடி அப்படியே நின்றார். காலடியில் கொண்டைகள்.

"பதினொண்டு வெட்டிட்டன்," என்றார். "என்னகா, செவ்வாய்க்கிழம ஒரு கதை, வெள்ளிக்கிழம ஒரு கதையா?"

சொன்னேன். ஆடுகளிடம் வந்தபோது அவருக்குச் சிரிப்புத் தொடங்கியது. வரப்பில் குந்தி, கத்தியை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். "அப்ப உன்ட மாப்பிளமார் எல்லாம் ஆட்டு வயித்துக்குள்ளயா?"

"ஓம்."

"பொம்பிளைகள் சோடிச்சிக்கொண்டு நிக்கிறாங்க."

"ஓம்."

"மாப்பிள இல்ல."

"உங்கட பக்கம் இரிக்கே அக்கா."

அவர் சிரிப்பதை நிறுத்தினார். தன் சோளத்தைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார், பிறகு என்னை. "குடி என்னெண்டு விசாரிக்காமலா?" என்றார். பிறகு எழுந்து, முதல் கொண்டையை வளைத்து, தன் தோள் துண்டில் தட்டினார். மஞ்சள் மா கொட்டுவதுபோலக் கொட்டியது.

எட்டு மணிக்குச் சாச்சி வந்தார். நான் கூப்பிடவில்லை. இரவு நித்திரை கொள்ளாத முகம். எங்காவது ஒரு கொண்டை தப்பியிருந்தால் தூளைப் பிடிக்க என்று கையில் பாண் சுற்றுகிற கடதாசிப் பைகள் ஒரு கட்டு, மாட்டுக்கு வெட்டுவதானால் கட்டிக்கொடுக்க என்று ஒரு கயிறு. விஷயத்தைச் சொன்னதும் கயிற்றை வேலிக்கு வெளியே எறிந்துவிட்டார்.

"நீங்கதானா மொட்டையடிச்ச ஆள்?" என்றார் கேதீஸ்வரி அக்கா.

"ஓம்கா. எங்கட ஆக்கள் உம்றாவுக்குப் போய்த்தான் மொட்டையடிக்கிற. இதுகளுக்கு வீட்டுலயே அடிச்சிட்டன்."

"எங்கட கோயில்லயெண்டா நேர்த்தி முடிஞ்செண்டு பொங்கலே தருவாங்க."

அவர்கள் இருவரும் அன்றுதான் முதல்தடவை சந்திக்கிறார்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கேதீஸ்வரி அக்கா கொண்டையைப் பைக்குள் வளைத்துத் தட்டுவார், நான் வேலிக்கு மேலால் வாங்குவேன், சாச்சி வரிசை வரிசையாகப் போய் ஒவ்வொரு நூலிலும் தூவுவார். கலப்பைப் பிடுங்கி எறிந்தே பழகிய விரல்கள், ஒரு கதிரும் தவறாமல் தூவிக்கொண்டு போயின. ஜும்ஆவுக்கு வாங்கு சொல்லும்வரை அன்று செய்தோம். அதற்குப் பிறகு ஐந்து காலை. எங்கள் கையால் முடிந்தது கால்வாசிதான். மிச்சத்தைக் கச்சான் செய்தது. நான் அதுவரை பயந்துகொண்டிருந்த அதே காற்று.

ஆவணியில் கதிர் முறித்து, முதல் மடலை உரித்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். என் தாய் வகை சுத்த மஞ்சள் மணிக்காரி. மஞ்சளுக்கு நடுவில் ஊதா மணிகள் அங்குமிங்குமாகச் சிதறிக் கிடந்தன. சிலதில் நிறையக் கிடந்தன, சிலதில் நான்கு ஐந்து. ஒன்றைப்போல ஒன்றில்லை. வாப்பா ஒரு கதிரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்ன, யாரோ மை தெளிச்சமாதிரி?" என்றார். அவர் அந்தக் கதிரைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு தேத்தண்ணிக் கடைக்குப் போனார், பள்ளிவாசலுக்குப் போனார். இரண்டு நாள் அது அந்தப் பையிலேயே இருந்தது. மூன்றாம் நாள் சாப்பிடும்போது, "மேசனுக்கு மாசியிலதான் நேரமாம்," என்றார் சோற்றைப் பார்த்துக்கொண்டு. அடுத்த கிழமை மேசனை வழியில் கண்டேன். "என்ன மகள், வாப்பா வேலைய மாசிக்குத் தள்ளிட்டார்? நான் சும்மாதானே இரிக்கன்," என்றார்.

ஐப்பசி மழைக்கு அந்த விதையைப் போட்டேன்.

அது வளர்ந்ததை எப்படி எழுதுவது? இருபதாம் நாள் என் முழங்காலைத் தொட்டது. நாற்பதாம் நாள் தோள். சிலதற்கு ஊதாத் தண்டு, சிலதற்குப் பச்சை, இலை அகலம் ஒன்றுக்கொன்று வேறு. ஆனால் மெலிந்தது என்று ஒன்றைக் காட்ட முடியாது. படைப்புழு வந்தது, கொஞ்சம் தின்றது, பயிர் அதைக் கவனிக்காததுபோல மேலே போயிற்று. கிழக்கு மூலையின் கல்லும் மணலும் எங்கே என்று தேடவேண்டியிருந்தது. வாப்பா மோட்டார்சைக்கிளில் வந்து அந்தப் பக்கம் நின்றால் அவருடைய தலைக்கவசம்கூடத் தெரியவில்லை. குதிரை இல்லை, அவ்வளவுதான் குறை. பின்னேரங்களில் நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அதற்குள் போய் உட்காருவேன், ஒரு பக்கமும் வாசிக்காமல் இலைகள் உரசுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். இந்த இடத்தில்தான் ஒருநாள் குசினி வரும் என்று உம்மா காட்டியிருக்கிறார். வரட்டும் என்று தோன்றும். அதற்கும் எனக்கும் இப்போது பகையில்லை.

சாலிஹ் சேரை நான் கூப்பிடவில்லை, வாப்பா கூப்பிட்டார். அவர் வரிசைக்குள் நடந்து, காணாமல்போய், மறுபக்கத்தால் வந்தார். "அந்த மெலிஞ்ச தாய்க்கு இப்பிடிப் பிள்ளையா!" என்றார். "கதிர் நிரம்பட்டும். முத்தினதும் தராசோட வாறன். நிறை சரியா வந்தா, வேற நாலு இடத்துல இதப் போட்டுப் பாக்க நான் எழுதி அனுப்புறன்." போகும்போது வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். "தகப்பன் இதுதானே? இதுட விதை பத்திரமா இரிக்கோணும் தங்கச்சி. நீங்க போட்டிரிக்கிறத முறிச்சித் திருப்பிப் போட்டா அடுத்த போகம் ஒண்டு நெட்ட, ஒண்டு கட்ட. ஒவ்வொரு தரமும் தாயும் தகப்பனும் புதுசா வேணும்." தாய் வகையின் விதை அவரிடமே இருந்தது, கேட்டால் தருவார். நான் தலையாட்டினேன். என் காதில் மற்றது எதுவும் விழவில்லை, தராசு மட்டும்தான் விழுந்தது.

மார்கழியில் ஒரு கிழமை மழை. அது விட்ட மூன்றாம் நாள் காலை, என் சோளம் முழுக்கக் கொண்டை விரிந்து நின்றது. வெயில் பட்டதும் ஒவ்வொரு கொண்டையிலிருந்தும் மெல்லிய மஞ்சள் புகை எழும்பியது. நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். கண்ணிமையில், உதட்டில், கையிலிருந்த புத்தகத்தின் அட்டையில் எல்லாம் தூள். இவ்வளவு தூள். போன போகத்தில் ஆட்டுக் கொட்டிலில் ஒரு சிட்டிகைக்கு அலைந்தவள் நான்.

"புள்ள."

கேதீஸ்வரி அக்கா வேலியில் நின்றார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. வழக்கமாகத் தூரத்திலேயே கதை தொடங்கிவிடுகிறவர்.

"பாருங்கக்கா, எப்பிடி நிக்கிது!"

"பாத்துக்கொண்டுதான் நிக்கன். வடிவா இரிக்கு. என்ட சோளன்ட பிள்ளதானே, வடிவாத்தான் இருக்கும்." அவர் தன் கையை நீட்டிக் காட்டினார். முழங்கைவரை மஞ்சள் தூள். "இது எங்கால வந்ததெண்டு நினைக்கிறாய்?"

அப்போதுதான் நான் காற்றைக் கவனித்தேன். கச்சான் போய் இரண்டு மாதம். வாடை வீசிக்கொண்டிருந்தது, கடல் பக்கமிருந்து. அது முதலில் என் சோளத்தை அசைத்துவிட்டு, பிறகு அவருடையதை அசைத்தது. அவர் இந்தமுறை ஒரு கிழமை பிந்தி விதைத்திருந்தார். அவருடைய கதிர்களில் இன்று நேற்றுத்தான் நூல் வெளியில் வந்திருந்தது. தோள் உயரத்தில், என் வளவின் நிழல் விழுகிற இடத்தில், வெளிறிய பச்சை நூல்கள்.

"நீதானே காட்டினாய்," என்றார் அக்கா. "என்ட ஊதா உன்ட கதிருக்குள்ள வந்திச்சி. அப்ப உன்ட மஞ்சள் என்ட கதிருக்குள்ள வரும். வந்தா என்ன, அவிச்சா ஒண்டுதான், முச்சந்தியில விக்கலாம். ஆனா நான் விதைக்கும் இதுலதான் புள்ள எடுக்கிற. பெரிய கதிர், சின்னக் கதிர், கோணல் கதிர் எண்டு பாக்காம நூறு கதிர்ல பிடிப் பிடியா எடுத்துக் கலந்து வைக்கிற. நல்லத மட்டும் எடுத்துப் பாத்தன் ஒருக்கா, மூணாம் வருசம் மெலிஞ்சிட்டு. போன போகத்து விதையில ஒரு சுண்டும் மிச்சமில்ல, எல்லாம் மண்ணுக்குள்ள. இந்தப் போகம் கலந்திச்செண்டா, மறுகா என்ட சோளன் எங்கயும் இல்ல."

என்ன கேட்கப்போகிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது. கொண்டைகளை வெட்டினால் என் கதிர்களுக்கு எங்கிருந்து தூள் வரும்? அவருடைய பக்கமிருந்து வராது, காற்று எதிர். கதிர் பல்லு விழுந்த வாய் மாதிரி வரும். சாலிஹ் சேர் தராசோடு வருவார். வாப்பா தன் கூட்டாளிகளையும் கூட்டி வருவார், சொல்லி வைத்திருக்கிறார். மாசியில் மேசன் வருவான்.

"மாப்பிள வீட்டு ஆக்களையும் கொஞ்சம் பாக்கோணும்கா," என்று அக்கா சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு சரியாக வரவில்லை. "அண்டைக்கு நீ கேட்டாய். நான் ஓமெண்டன். பதினொண்டு வெட்டியும் போட்டன்."

"ஓம்."

"அஞ்சு நாள். அஞ்சே அஞ்சு நாள். எல்லாம் வேணாம், வேலிப்பக்கம் நிக்கிற பத்து வரிசைய எண்டாலும். வெட்டுவியா புள்ள?"

அவர் வேலிக் கம்பிகளுக்கு நடுவால் கத்தியை நீட்டினார். அதே கத்தி. அலகு அவருடைய கையில் இருந்தது, பிடி என் பக்கம். எங்கள் தலைக்கு மேலே வாடை இன்னொருமுறை வந்தது. கொண்டைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தன. மஞ்சள் புகை ஒன்று எழும்பி, வெயிலில் மினுங்கிக்கொண்டு, முள்ளுக்கம்பிக்கு மேலால் மெதுவாக மேற்கே போனது.